இருநூறு கேபிக்குள் ஒரு முகம்

படத்தின் அளவு இருநூறு கேபிக்கு மேல் போனால் இணையம் ஏற்காது என்று சர்ச்சிலிருந்து செய்தி வந்தது. சபையில் இறந்துபோன எல்லோருடைய படங்களையும் கல்லறைத் திருநாளுக்குள் இணையத்தில் ஒரே தொகுப்பாகப் போடப் போகிறார்களாம். ஆளுக்கு ஒரு படம், சதுரமாக, முகம் தெளிவாக. அதை அவரவர் வீட்டாரே ஏற்ற வேண்டும். என் வீட்டில் வீட்டார் என்று இருப்பது நான் ஒருவன்தான். பிள்ளை கிடையாது. மனைவி போன பிறகு, ஊரப்பாக்கம் வீட்டில் நானும் மின்விசிறிச் சத்தமும்தான்.

படத்துக்கா பஞ்சம்? அவள் இறந்த அன்று என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, அடித்துக் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸின் படம் போனிலேயே இருந்தது. ஆனால் அதில் இருப்பவள் என் மனைவி இல்லை. ஸ்டுடியோக்காரர் மாவு பூசியதுபோல முகத்தை வெளுப்பாக்கி, யாருடையதோ ஒரு பட்டுப்புடவையைக் கழுத்துக்குக் கீழே ஒட்டி, பின்னால் மேகத்தை மிதக்க விட்டிருந்தார். சிறுவயதில் அடிபம்பின் கைப்பிடி பட்டுத் தாடையில் விழுந்த தழும்பைத் துடைத்தே எடுத்துவிட்டார். சாவு வீட்டில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அன்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தினம் தினம் அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினால் எனக்கும் அந்த வெளுத்த முகம்தான் வர ஆரம்பித்திருந்தது. பயமாக இருந்தது. அதையே இணையத்தில் காலத்துக்கும் ஏற்றி வைத்தால், நான் கட்டிக்கொண்டவள் முகம் யாருக்குமே இல்லாமல் போய்விடும்.

அந்த ஃப்ளெக்ஸுக்கு முகத்தை வெட்டியெடுத்தது ஒரு மாமல்லபுரம் படத்திலிருந்து. மச்சான் தன் போனில் எடுத்தது. எனக்கு அது வந்தது குடும்ப குரூப் வழியாக. வரும்போதே நலிந்து வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறைதான் தெரிந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

“இன்னா மாமா, அதான் அப்பவே குரூப்ல போட்டு வுட்டனே. எல்லாம் ஒரே போட்டோதான்.”

“ஒரே போட்டோ இல்லடா. அசல் வேணும்.”

“அப்போ நேர்ல வா. பழைய போன்ல கீதான்னு பாக்கலாம்.”

மின்சார ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டு போனேன். பேட்டரி உப்பிப்போன போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, உயிர் வருமா வராதா என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. படமும் இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

“ரெண்டு நாளு இருந்துட்டுப் போ மாமா. அங்க யாரு கீறா உனக்கு?”

“இதோ, இவ கீறாளே” என்று பென் டிரைவ் இருந்த சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

ஒரு ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனபோது எடுத்த படம் அது. கடற்காற்றில் அவள் முடி கலைந்து நிற்கும். வெயிலுக்குக் கண் இடுங்கியிருக்கும். கையில் கடித்த மாங்காய்ப் பத்தை. சேர்ந்து நில்லுங்கள் என்று மச்சான் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியதோ, அவள் தோளில் கை போட்டேன். எங்கள் ஜனத்தில் நாலு பேர் எதிரில் யாரும் பெண்டாட்டியைத் தொட்டு நிற்க மாட்டார்கள். “யோவ், கைய எடுய்யா. ஜனம் பாத்துகினு கீது” என்று பல்லிடுக்கில் சொன்னாள். நான் எடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான் பட்டனை அமுக்கிவிட்டான். உதடு பாதி திறந்திருப்பது அதனால்தான்.

வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தேன். அசல் படம் இருநூறு கேபியைப் போலப் பல மடங்கு இருந்தது. தரத்தைக் குறைத்தால் முகம் சதுரம் சதுரமாக, டைல்ஸ் பதித்த தரை மாதிரி ஆகிறது. அகலத்தைக் குறைத்தால் கடலும் கூட்டமும் சுருங்க, கூடவே அவளும் சுருங்குகிறாள். போதாததற்கு, சுருக்கியதையே எடுத்து மறுபடி மறுபடி சுருக்கிக்கொண்டிருந்தேன், மடத்தனமாக. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். நல்லவேளை, அசல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. முதலில் வேண்டாததை வெட்ட வேண்டும். பிறகு அகலம். தரத்தில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும். கடல் போயிற்று. பின்னால் நின்ற கூட்டம் போயிற்று. மாங்காய் போயிற்று. அவள் முகம் மட்டும் கட்டத்துக்குள் நின்றது, தாடைத் தழும்போடு. அவளேதான். வாய்விட்டு அழுதேன், கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் அவள் ஒண்டியாக இருந்தாள். என்னைப் போலவே. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். தோளும், தோளின்மேல் என் விரல்களும் உள்ளே வந்தன. அளவு இருநூறைத் தாண்டவில்லை. ஏற்றிவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது. தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண், எங்கள் சர்ச்சில் பாட்டு பாடுகிறவள்.

“அங்கிள், படம் நல்லா வந்திருக்கு. ஆன்ட்டி அப்படியே இருக்காங்க. ஓரத்துல மட்டும் யாரோட கையோ தெரியுது.”

“என் கைதாம்மா.”

“ஐயோ, உங்க கையா அங்கிள்?” என்றாள். எனக்கு விஷயம் புரிந்தது. இறந்தவர்கள் படத்தோடு உயிரோடிருப்பவர் படத்தை எங்கள் பக்கம் யாரும் சேர்த்து மாட்ட மாட்டார்கள். பைபிளில் இல்லாவிட்டாலும் பயம் பயம்தான்.

“தப்பா நினைக்காதீங்க அங்கிள். எல்லாம் போய்ச் சேர்ந்தவங்க படம். அதுல நீங்க இருக்கிறது நல்லதில்லன்னு எங்கம்மா சொல்றாங்க. அந்தக் கைய எடுத்துடட்டுமா?”

“வேணாம்மா. அவ சொல்லியே எடுக்காத கை அது.”