மெயின் பெட்டியும் பீங்கான் சில்லும்

என் கணவர் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. சூளையிலிருந்து இறங்கும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். ‘கிண்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். வேலையைப் பட்டறையோடு விட்டுவிட்டு வரும் பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. சந்தையில் தேங்காயைத் தட்டினார், அது சரி, எல்லோரும் செய்வதுதான். என் அம்மா வீட்டுச் சீராக வந்த கட்டிலையும் தட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னை மட்டும் எப்படி விட்டுவைத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். ரொம்பக் குள்ளம். கரண்டு இழுத்தபோது மெயின் பெட்டி தன் கைக்கு எட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக நின்று, கூடத்துக் கதவுக்குப் பின்னால் என் இடுப்புக்கும் கீழே அதை மாட்ட வைத்துவிட்டார். இரும்புப் பெட்டி, பக்கத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். அந்தக் கட்டைகள் என் கணவரின் பட்டறையில் வெந்தவை, அவரே பொறுக்கி எடுத்தவை. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவை இழுத்து அதைக் காட்டாமல் விடமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒருநாள் ஈரத்துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்தேன். விரலுக்குள் எறும்புக் கூட்டம் ஓடியது போலச் சுறுசுறுவென்றது. கையை உதறிவிட்டு நின்றேன். மறுநாள் தொட்டபோது இன்னும் கொஞ்சம் பலமாக இருந்தது.

எங்கள் மகள் சுவரைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டதும் அதே சமயத்தில்தான். நின்ற நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த இடம் அந்தக் கதவு மூலை. எந்நேரமும் வாயில் இருக்கும் கை, எச்சில் சொட்டச் சொட்ட அந்த வெள்ளைக் கட்டையை நோக்கித்தான் நீளும். அரிசி மூட்டையை இழுத்து முன்னால் வைத்துப் பார்த்தேன். ஏறி நிற்க அவளுக்கு வசதியாகப் போயிற்று. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அவள் சத்தம் கேட்காவிட்டால் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடுவேன்.

அவரிடம் சொன்னேன். மெயினை அணைத்தார், இரண்டு கட்டைகளையும் பிடுங்கினார், தட்டினார், காதில் வைத்துக் கேட்டார்.

“கிண்ணுன்னு இருக்குது. இது ஒண்ணும் ஆவாது” என்றார்.

ஷாக் அடிப்பது பெட்டி, கட்டை அல்ல என்றேன். ஈரக் கையோடு எதற்குத் தொட்டாய் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிள்ளையின் கை எப்போது காய்ந்திருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் கட்டைகளைத் திரும்பச் செருகிவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. பெட்டி சரியாகும்வரை ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றேன். நான் எதற்கெடுத்தாலும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைக் காட்டி மிரட்டுகிறவள்தான், அதனால் அவர் அசையவில்லை. தூளிப் புடவையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தேன். அப்புறம்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயர்மேனைத் தேடிப் போனார்.

வந்த வயர்மேன் வாய் ஓயாத ஆள். ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், இதுதான் அவருடைய சோதனைக் கருவி. ஒரு முனையைக் கரண்டு வரும் இடத்தில் வைத்தார், இன்னொன்றைப் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் எர்த்துக் கம்பியில் வைத்தார். எர்த்து ஒழுங்காக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டுமாம். பெட்டியில் கசிகிற கரண்டு அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும், நம் உடம்பைத் தேடாது என்று விளக்கம் சொன்னார். எங்கள் பல்பு கண்ணையே திறக்கவில்லை.

“எர்த்து செத்துப்போயி கெடக்குதுண்ணே. இந்தக் கம்பி எங்க போவுது?” என்று கேட்டார்.

கம்பி கொல்லைப்புறத்துக்கு, வீட்டுக்கார அம்மாவின் கனகாம்பரச் செடிக்குக் கீழே போயிற்று. செடியைத் தொடக்கூடாது என்று அந்த அம்மா கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார். பிறகு என் கணவர் கடப்பாரையை எடுத்துக் கொத்தினார். முதலில் காது போன ஒரு டீ கப் வந்தது. அப்புறம் அரைத் தட்டு. அப்புறம் ஒரு பொம்மையின் தலை, பொட்டு அழியாமல் சிரித்துக்கொண்டு. கொத்தக் கொத்தப் பீங்கான் சில்லுதான். குழி முழுக்க வேறு ஒன்றுமே இல்லை.

எங்கள் ஊரில் இது புதுமை இல்லை. தெருவில் பள்ளமா, சில்லைக் கொட்டு. தரை போட மேடு வேண்டுமா, அதற்கும் சில்லுதான். பட்டறை வாசல்களில் மலை மலையாகக் கிடக்கும்போது மண்ணுக்கு யார் அலைவது? ஆனால் எர்த்துக் குழிக்குக் கரியும் உப்பும் போட வேண்டும். கரண்டைத் தடுப்பதற்கென்றே கம்பத்து உச்சியில் உட்கார வைக்கிற பீங்கானை, கரண்டு தாராளமாக இறங்கட்டும் என்று தோண்டிய குழியில் கொட்டி வைத்திருக்கிறார் ஒரு புண்ணியவான்.

அந்தப் புண்ணியவான் யாரென்று வீட்டுக்கார அம்மா என் கணவரைக் காட்டி, கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னார். “நம்ம தம்பிதான் கூடை கூடையா கொண்டாந்து போட்டுச்சு. கல்யாணத்துக்கு முன்ன, இங்க தனியா குடியிருந்தப்ப.”

வயர்மேன் சிரித்த சிரிப்பில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார வேண்டியதாயிற்று. என் கணவர் கையில் ஒரு பாதி ஃபியூஸ் கட்டை இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தட்டிப் பார்த்தார். நான் கரி எடுக்க உள்ளே போனேன். ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்ட இப்படி ஒன்று வாய்த்திருக்கும்போது அவசரப்படுவானேன்?

என் சமையலறையிலிருந்த அடுப்புக்கரியும் கல்லுப்பும் குழிக்குப் போயின. மேலே மண் தள்ளி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பல்பு இந்தத் தடவை கண் கூசும்படி எரிந்தது. பெட்டிக்குள் வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்ததையும் கண்டுபிடித்து வயர்மேன் வேறு வயர் மாற்றினார். பெட்டியை மேலே தூக்கி மாட்டலாமா என்று கேட்டோம். தனக்கு எப்படி எட்டும் என்று வீட்டுக்கார அம்மா மறுத்துவிட்டார். இனிமேல் பயமில்லை, அங்கேயே இருக்கட்டும் என்று வயர்மேன் கிளம்பிப் போனார்.

மகளைக் குளிப்பாட்டித் துவட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கதவு மூலையில் தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் காலிச் செம்பு. அந்த ஈரத்தில் என் கணவர் வெறுங்காலோடு முழங்கால் மடக்கி, பிள்ளை உயரத்துக்குக் குனிந்து நின்றிருந்தார். இரண்டு கையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இரண்டையும் பெட்டிமேல் அழுத்தி வைத்திருந்தார். மெயின் போட்டபடியே இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. என்ன காரியம் பண்றீங்க என்றேன்.

அவர் திரும்பவில்லை. “புள்ள இப்பிடித்தான தொடும்” என்றார்.

சேர்த்து வைத்திருந்த கேலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முந்தியது என்று சொல்ல முடியாது. பிள்ளையை எட்டத்தில் பாயில் உட்கார வைத்துவிட்டு வந்து, அந்தத் தண்ணீரில் நானும் இறங்கி, அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். பெட்டி வெறுமனே சில்லென்று இருந்தது.