பத்து நிமிடச் சோதனை

கடைகளிலும் சிறிய அலுவலகங்களிலும் யுபிஎஸ் பராமரிப்பது என் வேலை. பாலக்கரையிலிருந்து கிளம்பிக் கடை கடையாகப் போய், மின்சாரம் நின்றால் கணினிகளைத் தாங்கும் பேட்டரிகளைப் பார்த்துவிட்டு வருவேன். சர்வீஸ் கார்டில் ஏழு கட்டங்கள். தூசி, ஒயர் இறுக்கம், வோல்டேஜ் என்று ஐந்து வரை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆறாவது, மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேட்டரியிலேயே கணினிகளை ஓடவிடுவது. அதற்குத்தான் எந்தக் கடைக்காரரும் சம்மதிப்பதில்லை. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூடச் சும்மா இருக்கும்போது மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டும்; கணினிகளின் லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும். இந்த வேலைக்கு நான் முதலில் படித்ததே இதைத்தான்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு அக்கா ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத்தரும் கடை வைத்திருக்கிறார். மூன்று கணினிகள். நான் போன அன்று ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை.

“கரண்ட்டுல மட்டும் கை வச்சிராதம்மா. இவங்கல்லாம் சேந்து என்னையே ஜெராக்ஸ் எடுத்துருவாங்க,” என்றார். சிரித்துக்கொண்டே ஆறாவது கட்டத்திலும் டிக் போட்டு, ஏழாவதில் கையெழுத்திட்டேன்.

பன்னிரண்டாம் நாள், மாலை நான்கு மணிக்கு அக்காவின் போன். “கரண்ட் போன அடுத்த செகண்டே மூணும் அணைஞ்சிருச்சு. கரண்ட் இன்னும் வரல. இங்க ஒருத்தங்களுக்கு அஞ்சு மணியோட கடைசி. சீக்கிரம் வாம்மா!”

மாற்று பேட்டரிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். கடையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்தவர். வயது வரம்பு அவருக்கு இந்த முறையோடு முடிகிறது. செல்போனிலும் முயன்றிருக்கிறார்கள், போட்டோ ஏறவில்லை.

நாலே முக்காலுக்குக் கணினி உயிர்பெற்றது. நிரப்பியதெல்லாம் போயிருந்தது. நான் எண்களை வாசிக்க, அக்கா முதலிலிருந்து தட்டினார். கடைசிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, நேரம் முடிந்துவிட்டதாக ஒரு வரி வந்தது.

“அவ்ளோதானா?” என்றார் அந்தப் பெண்.

அக்கா ஆணியில் மாட்டியிருந்த என் சர்வீஸ் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினார். “இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லங்க. இப்பத்தான் வந்து பாத்துட்டுப் போனா. பாருங்க, ஒண்ணு விடாம டிக் போட்டிருக்கா. பேட்டரி திடீர்னு போனா அவ என்ன பண்ணுவா?”

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும்.

“அக்கா, ஆறாவது டெஸ்ட்ட நான் பண்ணல. பண்ணாமயே டிக் போட்டேன்.”

“நாந்தானே வேணாம்னேன்...” அக்காவின் குரல் இறங்கியது. “ஆனா பண்ணலன்னாவது எழுதியிருக்கலாமேம்மா. இத நம்பித்தானே, கரண்ட் போனாலும் பரவால்லன்னு இவங்கள சாயங்காலம் வாங்கன்னு சொன்னேன்.”

அந்தப் பெண் கார்டை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இதே மாதிரி வேற எத்தனை கடையில போட்டிருக்கீங்க?”

மனதுக்குள் வரிசையாக எண்ணினேன். “ஒம்பது.”

அவர் குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை, எடமலைப்பட்டி புதூரில் ஒரு மருந்துக் கடை. ஒன்பதில் முதலாவது. கடைக்காரர் முணுமுணுத்தும் மெயினை அணைத்தேன். நான்காவது நிமிடத்தில் பில் போடும் கணினி அணைந்தது.

“போன தடவ நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்களே?” என்றார்.

“பாக்காம எழுதிட்டேன் சார்,” என்றேன்.