இடுப்பைச் சுற்றிய அக்கி

அக்கி இடுப்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் ஆள் பிழைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்குத் தொட நான்கு விரல்கடைதான் பாக்கி இருந்தது. அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலி டவுனில் மாமியார் வீடு. கணவர் களக்காட்டில் வாத்தியார், சனிக்கிழமைதான் வருவார். திங்கட்கிழமை வலது இடுப்பில் அரித்தது. மறுநாள் சிவந்து தடித்து நீர் கோத்துக்கொண்டது. அத்தையிடம் காட்டினேன்.

“அக்கில்லா போட்டிருக்கு! டாக்டர்ட்ட போயி ஊசிகீசி போட்டுறாத, உள்ள எறங்கிரும். எழுதிப்பிடுவோம்,” என்றார்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அந்தப் படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே ஒளிந்துகொண்டதோ, சரி என்று தலையாட்டினேன். பானை செய்யும் வீட்டிலிருந்து அக்கி எழுதுகிற அம்மாள் வந்தார். காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களின் மேல் சிங்கமும் பாம்பும் வரைந்தார். மூன்று நாள் குளிக்கக் கூடாது, உடுத்ததை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவாடைப் பட்டி புண்ணில் உரசி உயிர் போனது. அதனால் பாவாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிக் கட்டினேன். திருப்பிய இடத்திலெல்லாம் புதுக் கொப்புளம் கிளம்பியது. அது முதுகைச் சுற்றி வந்தது, இடப்பக்கம் வந்தது. உள்ளறைக் கண்ணாடி முன் நின்று விரல் வைத்து அளந்தேன். நான்கு. மாலையில் அளந்தால் மூன்று. பயத்தில் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வயதில் சாவது எவ்வளவு அநியாயம் என்று அழுதேன். அத்தை மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மோர்சாதம் கொண்டுவந்து வைத்தார். கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு விரல்கடை.

மதியம் அக்கி எழுதுகிற அம்மாள் மறுபடி வந்தார். பாவாடையை நன்றாகத் தளர்த்தச் சொன்னார். பட்டியின் உள்பக்கம் விரல்நுனி அளவில் ஒரு கறுப்புக் குறி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், குறியைப் பக்கத்துக் கொப்புளத்தின் மேல் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பிறகு இறகைக் கீழே போட்டார்.

“ஆச்சி, இது அக்கியில்ல. துணி வெளுக்கவங்க போட்ட குறி. சேராங்கொட்டைச் சாறு. சில ஒடம்புக்கு ஆகாது.”

“இந்த வீட்டுல எல்லார் துணியிலயும் உள்ள குறிதான?” என்றார் அத்தை.

“ஒங்களுக்கு ஒத்துக்கிட்டு, இவுகளுக்கு ஒத்துக்கிடல. அதுவும் ஒங்க துணியில உள்ளது பழசு. இது பச்சைல்லா! மொதல்ல இத அவுத்து எறியச் சொல்லுங்க.”

உண்மைதான். மருமகளான என் துணிகள் அதற்கு முந்தைய வாரம்தான் முதல்முறையாக வெளுக்கப் போய், இந்த வீட்டுக் குறியோடு திரும்பியிருந்தன. மாற்றக் கூடாது என்ற கட்டளைப்படி விஷத்தை நானே இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

குளித்து, குறியில்லாத புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தேன். அத்தை அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“காலையில நீ அசந்திருக்கும்போது நானும் வெரல வச்சுப் பாத்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. ஒங்க அம்மைக்குத் தந்தி அடிக்கச் சொல்லிட்டேன், ஒனக்கு சீரியஸ்னு.”

அந்த நாளில் சீரியஸ் என்று தந்தி வந்தால், ஆள் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, தலைவிரி கோலமாகத் தெருவில் ஓடி வந்தாள். வாசலில் நான் நின்றேன். என்னைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் இருந்த பையை வாங்கப் போனேன். விடவே மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் போர்த்தக் கொண்டுவந்த கோடிச் சேலை அதற்குள் இருந்தது.