வேலை நடக்கிறது, இயக்காதீர்கள்

லிஃப்ட்டுக்காரர் முப்பத்துநான்கு வருஷம் மேலேயும் கீழேயும் போய்வந்த மனிதர். ஆஸ்பத்திரி, வங்கி, பதினான்கு மாடிக் குடியிருப்பு என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், அவருடைய ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சாபம் கொடுப்பார்கள். மனிதர் பதறவே மாட்டார். முதலில் பையிலிருந்து ஒரு மஞ்சள் தகரப் பலகையை எடுத்து மெயின் சுவிட்சில் மாட்டுவார். ‘வேலை நடக்கிறது, இயக்காதீர்கள்.’ எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத் திருப்தி வந்த பிறகுதான் அந்தப் பலகை இறங்கும். அவர் கைபட்ட லிஃப்ட்டில் யாருக்கும் ஒரு நகக்கீறல்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கல்தான். இருந்துவிட்டுப் போகட்டும், சம்பாதித்த பெருமைதானே.

அவர் மனைவியும் அப்படி ஒரு லிஃப்ட்டுக்குள்ளிருந்து கிடைத்தவள்தான். ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் வேலை. ஒருநாள் மருந்துப் பெட்டிகளோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாளோ என்று பயந்துபோய்க் கதவைத் திறந்தால், பெட்டிமேல் உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“நாப்பது நிமிஷம் ஆச்சு சார். இருந்த பெட்டியெல்லாம் எண்ணி முடிச்சிட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா உங்க திருப்புளியையும் எண்ணியிருப்பேன்.”

மாட்டிக்கொண்டும் கத்தாமல் இருந்த ஒரே ஆள் என்று அவர் அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஸ்டோரக்கா என்று ஊரே கூப்பிட்ட அவளை, அவர் மட்டும் ‘ஸ்டோர்’ என்று கூப்பிட்டுக் குடும்பம் நடத்தினார். ஒரு மகள். அவளையும் படிக்கவைத்து, கல்யாணம் செய்து, வேறு ஊருக்கு அனுப்பியாயிற்று.

வாழ்நாள் முழுக்கச் செங்குத்தாகவே போனவருக்கு ஐம்பது வயதில் குறுக்கே போக ஆசை வந்தது. ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு உண்டு, அவசரமாக எழுந்தால் தலை இடிக்கும். அதைச் சரிசெய்து, வேலை ஓய்வு கிடைத்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு, படகிலேயே குடித்தனம், துறைமுகம் துறைமுகமாக வாழ்க்கை. இதுதான் திட்டம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன் பழைய படகு வாங்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்றாள் மனைவி. பிறகு படகைப் போய்ப் பார்த்தாள். உள்ளே இறங்கி ஒவ்வொரு மரப்பெட்டியையும் திறந்து, கையை விட்டு ஆழம் பார்த்தாள். “இருபத்தாறு அறை இருக்கு. நம்பர் போட்டுடலாம்” என்றாள். அவ்வளவுதான், அவளுக்கும் பிடித்துவிட்டது.

படகு பட்டறையில் தாங்கிக் கட்டைகள்மேல் நின்றது. லிஃப்ட்டுக்காரர் முதல் வேலையாக மஞ்சள் பலகையை அதன் சுக்கானில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவார். அடிப்பக்கத்தைச் சுரண்டினார், பூசினார். எஞ்சினைப் பிரித்தார், கோத்தார், மனசு கேட்காமல் மறுபடி பிரித்தார். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பி வடங்களை லிஃப்ட் வடம் மாதிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஓர் இழை அறுந்திருந்தாலும் மொத்தத்தையும் மாற்றினார்.

வீட்டுப் பக்கம் அவள் பொறுப்பு. ஹாலில் படகறையின் அளவுக்குத் தரையில் ஒட்டு நாடா ஒட்டினாள். இனிமேல் இந்தக் கோட்டுக்குள்தான் குடித்தனம் என்றாள். உள்ளே ஒன்று வந்தால் வெளியே ஒன்று போக வேண்டும். தையல் மெஷின் போயிற்று, இரும்பு பீரோ போயிற்று, கட்டில் போயிற்று. கடைசியில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு போர்வை. மகள் வந்து பார்த்துவிட்டு, “இது என்ன வீடா, பாண்டி விளையாடக் கோடு போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்றே காபி குடித்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஐம்பத்தெட்டில் ஓய்வு வந்தது. படகு தயாராகவில்லை. ஐம்பத்தொன்பதில் எல்லாம் முடிந்தது, ஆனால் ஒரு வால்வு அவருக்குத் திருப்தியாக இல்லை. கிளம்புவதற்கான காற்றுப் பருவம் போயிற்று. “அடுத்த வருஷம் கண்டிப்பா. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி” என்றார்.

அந்த வருஷம் ஒருநாள் அவள் பட்டறைக்கே வந்தாள். எப்போதும் வராதவள். ஏணியின் கீழே நின்று கூப்பிட்டாள்.

“என்னங்க, இந்த வருஷமே போயிடலாமே. ரெடியா இல்லாட்டியும் பரவாயில்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏணியில் உட்கார்ந்தபடியே, சரிபார்க்காத வடம் எப்படி அறுகிறது, அறுந்தால் பாய்மரம் எப்படிச் சாய்கிறது என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிங்க” என்று போய்விட்டாள். பட்டறைக்காரர் பக்கத்தில் மரம் இழைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சார், அலை எப்போ ஓயும், தலை எப்போ முழுகுறது? அம்மா வாய்விட்டுக் கேட்டுட்டாங்களே” என்றார்.

“உனக்கென்ன தெரியும், உன் வேலையைப் பாரு” என்றார் லிஃப்ட்டுக்காரர்.

இன்னும் இரண்டு வருஷம் ஓடிற்று. வடம், வால்வு, பிறகு தண்ணீர்த் தொட்டி. கடைசியில் அறுபத்தொன்றாவது வயதில் அவர் வாயால் “ஆச்சு” என்ற சொல் வந்தது. வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அவள் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு முந்நூறு டப்பா வாங்கினாள். படகில் டப்பாவை லேபிளோடு வைக்கக் கூடாது. ஈரத்தில் காகிதம் உரிந்து, அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தாள், துடைத்தாள், மூடியில் சிவப்புப் பெயின்ட்டால் நம்பர் எழுதினாள். மீனுக்கு நான்கு, பயறுக்கு ஏழு, தக்காளிக்கு ஒன்பது, பழத்துக்குப் பதினொன்று. எட்டு நாள் வேலை. நடுவில் ஒருமுறை அவர் எட்டிப்பார்த்தபோது, உரித்த டப்பா ஒன்றைக் காதருகில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டாள்.

“எதுக்கும் நோட்டுல எழுதி வை, ஸ்டோர்” என்றார்.

“முப்பது வருஷம் ஸ்டோர் பாத்தவளுக்கு நோட்டு எதுக்கு?” என்றாள்.

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? பத்து நாள் துறைமுகத்துக்குள்ளேயே கட்டிவைத்து வாழ்ந்து பார்ப்போம், எல்லாம் சரியாக இருந்தால் கிளம்புவோம் என்றார். பலகை சுக்கானிலேயே தொங்கியது.

முதல் நாள் மத்தியானம் ஏழாம் நம்பர் டப்பாவைத் திறந்தார்கள். பயறுக்குப் பதில் பாகில் மிதக்கும் அன்னாசித் துண்டுகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் நான்காம் நம்பரில் தக்காளி. “ஸ்டோருக்கு வயசாயிடுச்சு” என்று அவர் கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் பயறென்று திறந்ததில் மறுபடி பழம். அவள் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாருங்க எழுதினது?”

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அது அவள் எழுத்து. ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவது அவள் ஒருத்திதான். லிஃப்ட்டில் ஒரு தப்புச் சத்தத்தை மூன்று மாடிக்கு அந்தப் பக்கமிருந்து கண்டுபிடிக்கிற மனிதர், பக்கத்தில் படுத்தவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கோட்டுக்குள்ளே இருந்த இரண்டு டம்ளரைத் தேடிக்கொண்டு நின்றது. மகளிடம் ஒரே விஷயத்தை ஃபோனில் மூன்று முறை கேட்டது. வெந்நீர் வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அப்போதெல்லாம் வால்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூளைப் படங்களைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், மூளை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே போகிற நோய் என்றார். திரும்ப வராது, மெதுவாக்கப் பார்க்கலாம். லிஃப்ட்டுக்காரர் பக்கம் திரும்பி, “எப்போ இருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“இப்பத்தான், ஒரு வாரமா” என்றார் அவர்.

“ரெண்டு வருஷமாச்சு” என்றாள் மனைவி. “ஆஸ்பத்திரில என் கூட வேலை பாத்த நர்ஸ் ஒருத்தி அப்பவே டெஸ்ட் பண்ணச் சொல்லி, பண்ணிட்டேன். இதேதான் சொன்னாங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அவர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“வந்து கேட்டேனே. ரெடியா இல்லாட்டியும் போயிடலாம்னு.”

“இதுக்காகன்னு சொல்லலையே நீ.”

“சொன்னா நீங்க அந்தப் பலகையை எடுக்கவே மாட்டீங்க. என்னையும் ரிப்பேர் லிஸ்ட்ல சேத்துடுவீங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. “எல்லாம் மறக்கறதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். நீங்க ஒரு நாள் ஆச்சுன்னு சொல்வீங்கன்னு உக்காந்திருந்தேன்.”

மாட்டிக்கொண்டும் கத்தாமல் இருந்த ஒரே ஆள். அன்றைக்கு நாற்பது நிமிஷம். இந்த முறை இரண்டு வருஷம், அவர் வந்து கதவைத் திறக்கவேயில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அறுபத்தொரு வயது மனிதர் வாய்விட்டு அழுதார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அவள் தன் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். எதைத் தேடுகிறோம் என்பது பாதியில் மறந்துபோய், பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் படகுக்கே ஓடிவந்தாள். எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நெடுங்கடலில் இப்படி ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு ஒருவர் படகு ஓட்ட முடியாதென்று அவருக்கே தெரியும். “மழை வரைக்கும் இருக்கோம்மா. அதுக்கப்புறம் நீ சொல்றபடி” என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள், தரையில் ஒட்டு நாடா இல்லாமலே அந்த அளவுக்குள் அம்மா தடுமாறாமல் நடப்பதைப் பார்த்தாள், சரியென்று போனாள்.

மறுநாள் காலை மனைவி படியேறி மேல்தளத்துக்கு வந்து கேட்டாள். “எப்போங்க கிளம்பறோம்?”

அவர் சுக்கானிலிருந்து மஞ்சள் பலகையைக் கழற்றினார். கீழே, எஞ்சினுக்கு அடியில் போட்டார். “இதோ, இப்பவே” என்று கட்டுக்கயிற்றை அவிழ்த்தார். எண்ணெய்கூடச் சரிபார்க்கவில்லை. துறைமுகச் சுவரைத் தாண்டி, பாயை ஏற்றி, கரை ஒரு கோடாகத் தெரிகிற வரைக்கும் போனார்கள். அவள் முகத்தில் காற்று அடித்தது. “ஒரு வழியா கிளம்பிட்டீங்க” என்றாள். சாயங்காலம் அதே இடத்தில் வந்து கட்டினார். இது எந்த ஊர் என்று அவள் கேட்டாள். புது ஊர் என்றார். நல்ல ஊராத்தான் இருக்கு என்றாள்.

மறுநாள் காலையும் கேட்டாள், அவரும் அவிழ்த்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. எழுபது நாள் அவர்கள் தினமும் புதிதாகக் கிளம்பினார்கள். பட்டறைக்காரர் கரையிலிருந்து கைகாட்டுவார். மத்தியானம் நடுக்கடலில் டப்பா திறப்பார்கள். மூடியை அவர் முதலில் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார். “சரியா எழுதியிருக்கேனா?” என்று கேட்பாள். “ஸ்டோர் என்னிக்குத் தப்பா எழுதியிருக்கு” என்பார்.

மேகம் கூடத் தொடங்கிய ஒரு காலையில் அவள் மேலே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறிற்று. எப்போதும் பத்து மணிக்குள் சுவரைத் தாண்டிவிடுகிற படகு, உச்சி வரைக்கும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சரியாக இருந்தது, வடங்கள் சரியாக இருந்தன, பாக்கி ஒரு வேலையும் இல்லை. கடைசியில் அவரே கேட்டார்.

“கிளம்பலாமா, ஸ்டோர்?”

அவள் திரும்பி, லிஃப்ட்டுக் கதவைத் திறந்த அன்றைக்குப் பார்த்த அதே மரியாதையோடு அவரைப் பார்த்தாள்.

“எங்க சார்?” என்றாள்.