அக்கா தங்கச்சி வீடு

என் பல் பிரஷைக் கையில் பிடித்தபடி அக்கா ஏணியில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் தமிழ் மாதர் சங்கம் கூடுகிற பழைய செங்கல் வீட்டின் வாசலுக்கு மேலே, கல்லில் ஜெர்மன் எழுத்துகள் செதுக்கியிருக்கும். அவற்றுக்குள் பிடித்திருந்த பாசியை அவள் எழுத்தெழுத்தாகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் குளியலறை முழுக்கத் தேடிய பிரஷ் அது. "ஏனக்கா, உன்ரையை எடுத்திருக்கலாம்தானே?" என்று கீழே நின்று கேட்டேன். "உன்ரைதான் நல்ல முரடு, உன்னை மாதிரி" என்றாள், திரும்பிப் பாராமல். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'ஷ்வெஸ்டர்ன்ஹவுஸ்' என்பது அந்த எழுத்து. முன்பு ஆஸ்பத்திரித் தாதிமார் தங்கிய வீடு. ஜெர்மனில் தாதிக்கும் சகோதரிக்கும் ஷ்வெஸ்டர் என்ற ஒரே சொல்தான். சங்கம் முதன்முதலில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, அப்போதுதான் மொழி படித்துக்கொண்டிருந்த அக்கா அண்ணாந்து பார்த்து, "அக்கா தங்கச்சி வீடு எண்டு எழுதிக் கிடக்கு. எங்களுக்கெண்டே கட்டினது" என்று சொல்லிவிட்டாள். பிழை என்று பிறகு தெரிந்தும் ஒருவரும் திருத்தவில்லை. அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவளும் எல்லாருக்கும் அக்காவாகிவிட்டாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி. எனக்கென்று கூப்பிட வேறு சொல் இல்லை.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சலவைக் கம்பனியில் வேலை செய்கிறேன். அக்காவோடு இருக்க ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அந்த ஞாயிறை அந்த வீடு எடுத்துக்கொண்டது. கூரை ஒழுகியது, ஹீட்டர் வேலை செய்யவில்லை. திருத்தாவிட்டால் பூட்டிவிடுவோம் என்று வீட்டுக்குச் சொந்தமான தேவாலயம் சொல்லிவிட்டது. அக்கா தமிழ்க் கடை, கோயில், ஜெர்மன்காரர் வீடு, கூரை திருத்துகிறவன் வீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆதரவு கேட்டாள். எங்கள் திரைச்சீலைகள் அங்கே போயின, சோறு சமைக்கும் குக்கர் போனது, என் பிரஷும் போனது. "உந்த வீட்டுக்குக் காய்ச்சல் எண்டால் ஓடுவாய், எனக்கெண்டால் பனடோலைப் போடு எண்டுவாய்" என்று ஒருநாள் கத்தினேன். "உனக்கு வாயிருக்கு, கேக்கிறாய். அதுக்கு வாயில்லையே" என்றாள்.

பிறகு அவளே நோயில் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தாதி கதவைத் திறந்து, "ஷ்வெஸ்டர்?" என்று கேட்டாள். அங்கிருந்த சங்கப் பெண்கள் அத்தனை பேரும் எழும்பினார்கள். எல்லாருமா என்று தாதி திகைத்தாள். "ஓம், எல்லாரும்தான்" என்றார் சங்கத் தலைவி, தமிழிலேயே. நான் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கூரைக்காரன் வந்தவனோ?" என்று கேட்டாள். "வந்தவன்" என்றேன். அவன் வரவில்லை. அதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

அக்காவின் செத்தவீடு முடிந்து சில வாரங்களில் தலைவி வந்தார். "பிள்ளை, வீட்டைப் பற்றின கூட்டத்திலை நீதான் கதைக்கோணும். தேவாலயத்து ஆக்களும் வருகினம். எங்கட அக்காவைப் பற்றி..."

"உங்கட அக்காவெண்டால் நீங்களே கதையுங்கோ."

அவர் கோபிக்கவில்லை. "எங்களோடை அவ ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லை. எப்பிடிப் பிடிப்பா எண்டே எங்களுக்குத் தெரியாது. உன்னோடை மட்டும்தானே பிடிச்சவ" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் போனேன். அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், இந்த வீடு என் அக்காவின் ஞாயிறுகளைத் தின்றது, என் பல் பிரஷையும் விடவில்லை என்றேன். சிலர் சிரித்தார்கள். கடைசியாக அவள் கேட்டது என்னை அல்ல, கூரைக்காரனை என்றேன். வந்துவிட்டான் என்று பொய் சொல்லி அவளை அனுப்பியிருக்கிறேன், அவன் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு என் கதிரையில் போய் இருந்துவிட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு ஜெர்மன்காரர் எழுந்தார். அக்கா பலமுறை கதவு தட்டிய கூரைவேலைக்காரர். எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். தேவாலயத்துப் பெண்மணி, வேலை முடியும்வரை பூட்டமாட்டோம் என்றார்.

இப்போது வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது. போன ஞாயிறு அதில் ஏறி நின்றேன். எழுத்துகளுக்குள் மறுபடியும் பாசி. சட்டைப் பையிலிருந்து பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். கீழே நின்ற தலைவி, "ஆரின்ரை பிரஷ் பிள்ளை, அக்காவின்ரையோ?" என்று கேட்டார்.

"என்ரை" என்றேன்.

அவளுடையது எங்கள் குளியலறைக் கிளாசில் நிற்கிறது. அதை இந்த வீட்டுக்குக் கொடுக்கமாட்டேன்.