பழ சாலட்டுக்குள் யார் கொண்டுவந்த கிருமி

மூத்த மருமகள் படித்தவள். உணவுப் பரிசோதனைக் கூடத்தில், கிருமிகளின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் இயந்திரம் அவள் பொறுப்பில்தான் இருந்தது. என்ன பிரயோசனம்? வீட்டில் பெயர் வாங்கியதெல்லாம் ஓரகத்தி. இளையவள் வெறும் பழத்தை நறுக்கி கிரீமில் போட்டாலும் மாமியார் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவார். மூத்தவள் சமைத்தாலோ, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பார்.

மாமனாரின் பிறந்தநாளுக்கும் அந்தப் பழ சாலட்தான். அதில் அப்படி என்னதான் போடுகிறாளோ! இளையவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூத்தவள் பூனை மாதிரி அடுப்படிக்குள் நுழைந்தாள். அங்கிருந்த பாட்டில்களையெல்லாம் போனில் படம் பிடித்தாள். யாரோ வரும் சத்தம் கேட்கவே, போனைப் பலகைமேல், நறுக்கிய பழங்களுக்கு நடுவே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றாள். சாலட் மாலைவரை மேசையிலேயே இருந்தது.

மறுநாள் பாதி வீட்டுக்கு வயிற்றுப்போக்கு. மாமியாரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உணவில் வரும் சால்மோனெல்லா கிருமி என்றார் டாக்டர். பழி சாலட்மேல் விழுந்தது. இளையவள் முகத்தில் ஈயாடவில்லை. மூத்தவளுக்கு மாமியாரைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருந்தாலும், சும்மா சொல்லக் கூடாது, உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மாமியாரிடமிருந்து எடுத்த கிருமி அவளுடைய கூடத்துக்கே வந்தது. மிஞ்சிய சாலட்டையும் அவளே கொண்டுபோனாள். இரண்டின் மரபணுவும் அச்சு அசலாக ஒன்றே. இனி இளையவள் பழம் வாங்கிய கடையா, இளையவள் கையா என்பதுதான் பாக்கி. கூடத்தில் சேர்த்துவைத்திருந்த பழைய கிருமிகள் அத்தனையோடும் கணினியில் ஒப்பிட்டாள்.

பொருந்தியது ஒன்றே ஒன்று. அது எந்தக் கடையிலும் எடுத்ததல்ல. சோதனைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க, கூடத்தில் அவளே தன் கையால் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துவரும் கிருமி. அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில், எதையும் வைக்காதீர்கள் என்று மற்றவர்களை அவள் திட்டும் இடத்தில், அவளுடைய போன் கிடந்தது.

வாயைத் திறக்காவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்போடுதான் மருத்துவமனைக்குப் போனாள். மாமியார் கண்மூடிப் படுத்திருக்க, பக்கத்தில் இளையவள்.

"அக்கா, என் கைதானா? உண்மையச் சொல்லிடுங்க. இனிமே அடுப்படிப் பக்கமே போக மாட்டேன்."

எத்தனை வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை! ஆனாலும் மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"உன் கை இல்லம்மா. என் போன். லேப்ல இருந்த கிருமி அதுல ஒட்டிட்டு வந்திருக்கு. நீ என்ன போடுறேன்னு திருட்டுத்தனமா படம் எடுக்க வந்தேன்."



"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேக்கா," என்றாள் இளையவள்.

மாமியார் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, இளையவளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த மூத்தவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.