கார்பனும் எதிர்க்கடையும்

அலுவலகத்தில் அவருக்குக் கார்பன் என்று பெயர். கார்பன் தாளைக் கண்ணால்கூடப் பார்த்திராத இருபத்தைந்து வயதுக்காரர்கள் வைத்த பெயர். தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் அவர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயதில், மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசையில் அவருக்கு ஒரே வேலை. பிள்ளைகள் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் நடத்தியது. போட்டிச் செயலியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, அதையே இங்கும் கொண்டுவர வேண்டும். போட்டிச் செயலியை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எதிர்க்கடை என்பார்கள்.

எதிர்க்கடையில் ஒருமுறை பார்த்ததும் மறையும் படம் வந்தது. மூன்றே வாரத்தில் இங்கேயும் வந்தது. அங்கே முகத்தைச் சுற்றி வட்டம் என்றால் இங்கே முனை மழுங்கிய சதுரம். விடாமல் தினமும் பேசிக்கொள்ளும் நண்பர்களுக்கு அங்கே ஒரு தீப்பொறி, இங்கே ஒரு இலை. பொத்தானை இடமிருந்து வலத்துக்கு நகர்த்து, நிறத்தை மாற்று, பெயரை மாற்று, வேலை முடிந்தது. காப்பி என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எதிர்க்கடைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. இங்கே இலை துளிர்த்த மாதமே அங்கே பூ பூத்தது.

ஒரே ஒருமுறை கார்பன் சொந்தமாக ஒன்று யோசித்தார். படத்தைப் போடும் முன், "நாளைக்குப் போடலாமா?" என்று கேட்கும் பொத்தான். நாலு மாதம் தாக்குப்பிடித்தது. "எதிர்க்கடைக்காரனே எடுத்துக்கலன்னா அதுல என்ன சார் இருக்கு?" என்று அவரைவிடப் பத்து வயது இளைய மேலாளர் கேட்டார். கார்பன் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கைதேர்ந்தவர்.

எதிர்க்கடை எந்தப் புது வசதியையும் முதலில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் திறந்துவிடும். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டால்தான் மற்றவர்களுக்கு. அதை நோட்டம் பார்க்கக் கார்பன், பதினைந்து வயதுப் பெண் என்று ஏழெட்டுப் பொய்க் கணக்குகள் வைத்திருந்தார். நண்பர் ஒருவரும் இல்லாத அந்தக் கணக்குகளை எதிர்க்கடை மோப்பம் பிடித்து வரிசையாக முடக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அங்கே என்னவோ புதிதாக வந்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டிலோ நிஜமாகவே பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, நிஜமான ஐந்து தோழிகளோடு எதிர்க்கடையிலேயே கணக்கு வைத்திருந்தாள்.

போன் வாங்கிக் கொடுத்த அன்றே மகள் கேட்டிருந்தாள். "என் போனை நோண்ட மாட்டீங்கல்லப்பா?"

"சத்தியமா மாட்டேன் பாப்பா."

செவ்வாய்க்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது, மேசைமேல் சார்ஜில் கிடந்த போனை எடுத்தார். கடவுச்சொல் அவர் போட்டுக் கொடுத்ததுதான், அவள் மாற்றியிருக்கவில்லை. அது அப்பாவின் மேல் இருந்த நம்பிக்கை என்பது அப்போது அவர் புத்தியில் உறைக்கவில்லை. தோழிகள் அனுப்பிய மறையும் படங்கள் ஐந்து, இன்னும் பார்க்கப்படாமல் காத்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்து, தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அவள் போனிலிருந்து தடயத்தை அழித்தார். மூன்றாவது படத்தில் ஒரு பெண் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கீழே நாலு வரி எழுதியிருந்தது. சட்டென்று அடுத்ததுக்குத் தள்ளிவிட்டார், நாலு வரியையும் படித்த பிறகு. வேலைக்காகத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அலுவலகத்தில் முகங்களை மறைத்துவிட்டு, ஐந்தையும் துருவித் துருவிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை மாலை மகள் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? ரெண்டு நாளா முகமே சரியில்ல" என்றாள் அம்மா.

"என்னைக் குரூப்லேருந்து தூக்கிட்டாங்கம்மா. எல்லாரோட படத்தையும் நான் ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேனாம். ஒருத்தி அழுதுக்கிட்டே அனுப்பினாளாம், அதையும். யாராவது ரெக்கார்டு பண்ணா, அனுப்பினவங்களுக்கு ஆப்பே இப்ப சொல்லிடுதாம். நான் பண்ணவே இல்லம்மா. அந்தப் படம் வந்ததே எனக்குத் தெரியாது."

அந்தக் கணத்தில் கார்பனின் மனதில் முதலில் ஓடியது மகளைப் பற்றி இல்லை. 'அட, இதுதானா அந்தப் புது வசதி! பதிவு செய்கிறவன் பக்கம் தெரியாது, அனுப்பினவன் பக்கம்தான் தெரியும். அதனால்தான் கண்ணில் படவில்லை.' அதற்கப்புறம்தான் எதிரே உட்கார்ந்திருந்த பெண் கண்ணுக்குத் தெரிந்தாள். பிற்பாடு எதை மறந்தாலும், எது முதலில் வந்தது என்பதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

"நீங்க இந்த வேலைதானே பாக்குறீங்க, இது எப்படிப்பா ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

"ஆப்ல கோளாறா இருக்கும் பாப்பா. புதுசா விட்டா அப்படித்தான்" என்றார். நாக்கு கூசவில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அவர் போய்ச் சொன்னதும் மேலாளர் அசந்துபோனார். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"வீட்டுல பேசிக்கிட்டாங்க."

கைதட்டினார்கள். அன்றே ஒரு மாதிரி வடிவம் தயாராக வேண்டும். அங்கே அறிவிப்பு சிவப்பு என்பதால் இங்கே ஆரஞ்சு. அங்கே மேலே வந்தது இங்கே கீழே வந்தது. இரண்டு போன்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஒரு பூந்தொட்டிப் படத்தை அனுப்பி, மற்றதில் கார்பன் பதிவு செய்தார். முதல் போனில் ஆரஞ்சுப் பட்டை எழும்பி வந்தது: 'கார்பன் உங்கள் படத்தைப் பதிவு செய்தார்.' சோதனைக் கணக்குக்கு அந்தப் பெயரைப் பையன்கள் விளையாட்டாக வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கிளம்பினார்.

மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "கோளாறுன்னு எங்க அப்பா சொன்னாருன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அழுத படம் அனுப்பினாளே, அவ மட்டும் ரெண்டு நாளா ஸ்கூலுக்கே வரல."

கார்பன் நின்றபடியே சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவோம் என்ற பயம். "கோளாறு இல்ல பாப்பா. நான்தான். செவ்வாக்கிழமை, நீ குளிக்கப் போயிருந்தப்ப. ஆபீஸ் வேலைக்காக."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவ படத்தையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கீழ எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நான் இன்னும் படிக்கலப்பா" என்றாள். "ஒருதரம் திறந்தா போயிடும். அவ எனக்குன்னு எழுதினது."

ஆயிரம் பிள்ளைகளின் படங்களை வேலை என்று பார்த்தவருக்கு, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எழுதியதைத் திருடிப் படித்துவிட்டோம் என்பது இப்போதுதான் முழுசாக உறைத்தது.

"என்ன எழுதியிருந்தா?"

"அதை அவதான் பாப்பா உனக்குச் சொல்லணும்."

மகள் போனை நீட்டினாள். "அப்ப நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, போன் கேமராவைப் பார்த்துப் பேசினார். கூட்டத்தில் பேசிப் பழகிய மனிதர், ஐந்து சிறுமிகளுக்கு முன்னால் மூன்று முறை திக்கினார். பாப்பா எதையும் தொடவில்லை, அவளுக்குத் தெரியாமல் போனைத் திறந்தது நான், அவளிடம் பொய் சொன்னதும் நான், அலுவலகத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிடுகிறேன், என்னை மன்னியுங்கள் என்று முடித்தார். ஒருமுறை பார்த்தால் மறையும்படி மகள் அந்த வீடியோவை ஐந்து பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் சிவப்புப் பட்டை வந்தது. யாரோ பதிவு செய்துவிட்டார்கள். அடுத்து இன்னொன்று. ஐந்து பேருமே பதிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க அவர் முகம் சுற்றப்போகிறது.

"அழிச்சிடச் சொல்லவாப்பா?" என்றாள் மகள், மனசில்லாமல்.

"வேணாம். இருக்கட்டும்."

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். மறுபடி போன் ஒலித்தது. மகள் திரையைப் பார்த்தாள், முகம் மாறியது.

"அவதான். 'அன்னைக்கு அனுப்பினது'ன்னு போட்டு அதையே திரும்ப அனுப்பியிருக்கா" என்றாள்.

திறக்கப் போனவள், விரலை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கப்பா."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.